கண்ணைக் கட்டுதா? மாத்திரையை மாத்தாதீங்க!

இன்டர்னல், அசைன்மென்ட், அரியர்னு ஓடிட்டிருக்கிற உங்களை இந்த வாரம் எங்க ஊர் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊர் பேரு காடாம்புலியூர். பண்ருட்டியிலேருந்து நெய்வேலி, வடலூர் பக்கம் போற ரோட்டுல வரும். நீங்க கும்பகோணம் போற பஸ்ல இந்த ஊரைத் தாண்டியிருப்பீங்க, தூங்கிட்டிருந்திருப்பீங்க. முந்திரியும் பலாவும்தான் எங்க அட்ரஸ். சித்திரை, வைகாசியில வந்தா ரோட்டோரம் பூரா பலாப்பழம் குவிச்சு வச்சிருப்பாங்க. வாசனையே ஊர் பேரைச் சொல்லிடும்.

மேட்டருக்கு வர்றேன். எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். வயசு 29. ஒரு முந்திரி கம்பெனியில கணக்கு எழுதுறார். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு ரெண்டு கிட்னியும் ஃபெயிலியர். வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ், அப்புறம் பெரியம்மாவே ஒரு கிட்னியைக் குடுத்தாங்க. ஆபரேஷன் சக்சஸ். அண்ணன் பழையபடி சைக்கிள்ல போக ஆரம்பிச்சாச்சு. வீட்டுல பொங்கல் வச்சு ஊருக்கே கொடுத்தோம்.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நானும் அவரும் நிக்கிறோம். தூரத்துல பஸ் வருது. அண்ணன் கையை நெத்தியில வச்சுக்கிட்டு, "டேய், அது இன்னா பஸ்ஸுடா? போர்டு படிச்சு சொல்லு"ங்கிறார். எனக்குச் சிரிப்பு. "என்னண்ணே, முப்பது வயசுலயே வெள்ளெழுத்தா?"ன்னு கிண்டல் பண்ணினேன். அவர் சிரிக்கல. "வெயில்ல ஒண்ணுமே தெரியலடா. எதிர்ல லைட்டு போட்டுக்கிட்டு வண்டி வந்தா எல்லாம் ஒரே வெள்ளையா ஆயிடுது. வீட்டுக்குள்ள இருட்டா இருந்தா நல்லாத்தான் தெரியுது"ன்னார்.

இதை அவர் டாக்டர்கிட்ட சொல்லல. வீட்டுல சொல்லல. பெரியம்மா பயந்துடுவாங்கன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். இன்னிக்கு வரைக்கும் அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்துது. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. ஆபரேஷன்தான் முடிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு ஆயுசுக்கும் மாத்திரை?

எங்க ஊர் முந்திரித் தோப்புல கொட்டை விழுற சீஸன்ல காவலுக்கு ஆள் போடுவாங்க. தோப்புக்குள்ள குடிசை போட்டு உட்கார்ந்திருப்பார். தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளான்னு மட்டும்தான் பார்ப்பார். நல்லவனா கெட்டவனான்னு விசாரிக்கிறதெல்லாம் கிடையாது. தெரியாத ஆள்னா விசில் அடிப்பார், பக்கத்துத் தோப்புக் காவலாளிங்க எல்லாம் தடியோட ஓடி வருவாங்க. நம்ம ரத்தத்துல இருக்கிற டி செல்களும் அப்படித்தான். பெத்த தாயோட கிட்னியா இருந்தாலும் அதுக்குத் தெரியாது. "இது நம்ம ஆள் இல்லை"ன்னு விசில் அடிச்சுடும். அந்த விசில்தான் இன்டர்லூக்கின்-2ங்கிற ரசாயனம். விசில் அடிக்கணும்னா செல்லுக்குள்ள கால்சிநியூரின்னு ஒரு என்சைம் வேலை செய்யணும். சைக்ளோஸ்போரின், டேக்ரோலிமஸ் ரெண்டு மருந்தும் அந்த என்சைம் மேல ஏறி உட்கார்ந்துக்கும். காவலாளி அப்படியேதான் இருப்பார். விசில்ல மட்டும் சத்தம் வராது. ஸ்டீராய்டு இன்னும் முரட்டு ஆள், காவலாளி குடிசையையே பாதி சாய்ச்சுடும். பெரும்பாலும் கால்சிநியூரின் மருந்து ஒண்ணு, மைக்கோஃபினோலேட் ஒண்ணு, கொஞ்சம் ஸ்டீராய்டுன்னு மூணையும் சேர்த்துத்தான் கொடுப்பாங்க.

உலகத்துல முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் 1954 டிசம்பர்ல, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல நடந்தது. டாக்டர் ஜோசப் மர்ரே. கொடுத்தவரும் வாங்கினவரும் ஒரே மாதிரி இரட்டையர். அச்சு அசல் ஒரே உடம்புங்கிறதால காவலாளிக்கு வித்தியாசமே தெரியல, மாத்திரையும் தேவைப்படல. மத்தவங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாதே! நம்ம நாட்டுல உயிரோட இருக்கிறவர் கொடுத்த கிட்னியை வச்சு முதல் வெற்றி 1971-ல, நம்ம வேலூர் சி.எம்.சி.யில. அந்தக் காலத்துல கையில இருந்தது ஸ்டீராய்டும் அசதியோப்ரினும்தான். இன்னிக்குக் கொடுக்கிறதை விட அதிக டோஸ் ஸ்டீராய்டு. முகம் வீங்கி, எலும்பு தேய்ஞ்சு, கண்ணுல புரை விழுந்து... கிட்னி பிழைச்சா போதும்னு எல்லாத்தையும் தாங்கிக்கிட்டாங்க.

அப்புறம் வந்த மருந்துங்க எல்லாம் மண்ணுலேருந்து வந்தது பாஸ், நிஜமாவே மண்ணு! சுவிட்சர்லாந்துல சாண்டோஸ் கம்பெனி, லீவுல வெளியூர் போற ஸ்டாஃபை எல்லாம் அந்தந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் அள்ளிட்டு வரச் சொல்லிட்டிருந்தது. அப்படி 1969-ல நார்வே நாட்டு மலைமேட்டுலேருந்து வந்த மண்ணுல இருந்த பூஞ்சைதான் சைக்ளோஸ்போரினுக்குத் தாய்வீடு. டேக்ரோலிமஸ் 1984-ல ஜப்பான்ல சுகுபா மலைப் பக்கத்து மண்ணுல இருந்த நுண்ணுயிர்லேருந்து வந்தது. பேர்ல இருக்கிற 'ட' சுகுபாவோட முதல் எழுத்து! இங்கிலீஷ்ல அந்த ஊர் பேர் 'டி'யிலதான் ஆரம்பிக்கும். மூணாவது மருந்து சிரோலிமஸ், ஈஸ்டர் தீவு மண்ணு. அதைப் பிரிச்சு எடுத்த டீமுக்குத் தலைமை தாங்கினவர் சுரேந்திரநாத் சேகல், இந்தியாவுல படிச்ச விஞ்ஞானி. கனடாவுல அவரோட லேபை மூடினப்போ, நுண்ணுயிரைத் தூக்கிப் போட மனசில்லாம வீட்டு ஃப்ரீசர்ல வச்சுக் காப்பாத்தினாராம். 1999-ல அது மருந்தா அனுமதி வாங்கிச்சு. எங்க ஊர் செம்மண்ணுலயும் எதாவது இருக்குமோன்னு நான் யோசிக்கிறது உண்டு. மைக்ரோபயாலஜி ஸ்டூடன்ட்ஸ் யாராவது வாங்களேன், பலாச்சுளை ஃப்ரீ.

இவ்வளவு நல்ல மருந்துங்க கண்ணை என்ன பண்ணும்? இங்கதான் அண்ணன் மாதிரி நிறைய பேர் குழம்பிடறாங்க. கண்ணு மங்குதுன்னா காரணம் ஒண்ணு இல்லை. நாலஞ்சு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் குற்றவாளி வேற வேற.

முதல் குற்றவாளி ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் ரொம்ப நாள் சாப்பிட்டா கண்ணுல லென்ஸோட பின்பக்கம், நட்டநடு சென்டர்ல புரை விழும். தாத்தா பாட்டிக்கு வர்ற புரை வேற ரகம், மெதுவா லென்ஸே மஞ்சளாகிறது. இது சின்ன வயசுலயே வரும். ஸ்டீராய்டு சாப்பிட்ட மூட்டுவாத நோயாளிகள்கிட்ட இதைக் கண்டுபிடிச்சு 1960-லயே எழுதிட்டாங்க. வெயில்ல கண்ணுப்பாவை சுருங்கும் இல்லையா? அப்போ வெளிச்சம் போறதுக்கு இருக்கிற ஒரே வழி அந்த சென்டர்தான். அங்க புரை உட்கார்ந்திருந்தா, வெளிச்சம் சிதறி எல்லாம் வெள்ளை. இருட்டுல பாவை விரியும், ஓரத்து வழியா வெளிச்சம் உள்ள போகும், நல்லாத் தெரியும். இப்போ அண்ணன் சொன்னதை இன்னொரு தடவை படிங்க. வெயில்ல தெரியல, எதிர் லைட்டுல வெள்ளை, வீட்டு இருட்டுல ஓகே. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே சொன்னார் மனுஷன். கேட்டவனுக்குத்தான் புரியல.

ஸ்டீராய்டுக்கு இன்னும் ரெண்டு சேட்டை உண்டு. கண்ணுக்குள்ள பிரஷரை ஏத்தி விடும், அதுதான் க்ளாக்கோமா. இதுல வலி கிடையாது, சத்தம் கிடையாது. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு வரும். போனது போனதுதான், திரும்பாது. அதனாலதான் ஒண்ணும் தெரியலைன்னாலும் கண் பிரஷர் பார்க்கச் சொல்றாங்க. இன்னொண்ணு விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்துக்கிறது. நேரா பார்க்கிற இடத்துல வட்டமா ஒரு மங்கல், கோடு எல்லாம் வளைஞ்சு தெரியும். இதுக்கு உங்க பையிலேயே டெஸ்ட் இருக்கு! கிராஃப் நோட்டை எடுங்க. நடுவுல பேனாவால ஒரு புள்ளி வைங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணால புள்ளியை மட்டும் பாருங்க. சுத்தி இருக்கிற கட்டங்கள் நேரா இருக்கா, எங்கயாவது நெளியுதா, காணாமப் போகுதா? அப்புறம் அடுத்த கண்ணு. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பார்த்தா ஒண்ணு செய்யிற தப்பை இன்னொண்ணு மறைச்சுடும், நம்ம லேப் பார்ட்னர் மாதிரி. கட்டம் நெளிஞ்சா உடனே கண் டாக்டர். நெளியலைன்னா மாத்திரை சாப்பிடறவங்க செக்கப்பை விட்டுடலாம்னு அர்த்தம் இல்லை.

ரெண்டாவது குற்றவாளியைச் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. கண்ணுல ஒரு கோளாறும் இல்லாமலேயே பார்வை போகும். டார்ச் அடிச்சா கண்ணுப்பாவை அழகா சுருங்கும். கண் டாக்டர் விழித்திரை வரைக்கும் பார்த்துட்டு எல்லாம் நார்மல்னு சொல்வார். ஆனா ஆளுக்கு எதுவுமே தெரியாது! காரணம் மூளை. பார்க்கிறது கண்ணு, ஆனா பார்த்ததைப் புரிஞ்சுக்கிறது பின்மண்டையில இருக்கிற மூளைப் பகுதி. பின்னாடி யாராவது ஒரு தட்டு தட்டினா கண்ணுல நட்சத்திரம் பறக்குதே, அதே ஏரியா. டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ரெண்டும் சில பேருக்கு ரத்தக்குழாயோட உள்சுவரைப் புண்ணாக்கும், பி.பி.யையும் ஏத்தி விடும். பின்மூளைக்குப் போற ரத்தக்குழாய்களுக்கு இந்த ஏத்த இறக்கத்தைத் தாங்குற சக்தி கொஞ்சம் கம்மி. குழாய் கசிஞ்சு, மூளையில நீர் கோத்து, அங்க வீக்கம். தலைவலி, குழப்பம், வலிப்பு, பார்வை இழப்புன்னு வரிசையா வரும். சில பேருக்கு இல்லாதது தெரியும், அதாவது கலர் கலரா உருவங்கள். சில பேர் பார்வை போனதே தெரியாம "எனக்கு நல்லாத் தெரியுதே"ன்னு அடிச்சுச் சொல்வாங்க.

1996-ல அமெரிக்காவுலேருந்து வந்த ஒரு கட்டுரைதான் இதுக்கெல்லாம் ஒரு பேர் வச்சு ஒரே குடைக்குள்ள கொண்டு வந்தது. 15 நோயாளிகள். அதுல 7 பேர் எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து சாப்பிட்டவங்க, 3 பேர் பிரசவ நேரத்து வலிப்பு வந்த தாய்மார்கள். சுருக்கமா 'பிரெஸ்'னு கூப்பிடறாங்க. அந்தப் பேர்ல நடுவுல இருக்கிற 'ஆர்' எழுத்துக்குத்தான் நம்ம சந்தோஷப்படணும். சரியாகக்கூடியதுன்னு அர்த்தம். பி.பி.யை இறக்கி, மருந்து டோஸைக் குறைச்சோ வேற மருந்துக்கு மாத்தியோ விட்டா, பெரும்பாலும் சில நாள்ல, சில வாரத்துல பார்வை திரும்பிடும். கவனிக்காம விட்டா அந்த வீக்கமே மூளையில நிரந்தரத் தழும்பாகிடும். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில வாரம், மாசங்கள்லதான் இது அதிகம். இன்னொரு சிக்கல், ரத்தத்துல மருந்து அளவு சரியா இருக்கும்போதே கூட இது வரலாம். அதனால "லெவல் நார்மல்தானே"ன்னு வலிப்பையும் பார்வைக் கோளாறையும் அலட்சியம் பண்ண முடியாது. நேரா எமர்ஜென்சி வார்டுதான். எம்.ஆர்.ஐ. எடுத்தா பின்மூளையில வெள்ளையா பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும்.

மூணாவது, காவலாளி தூங்குறப்போ உள்ள நுழையிற திருடன். சி.எம்.வி.ன்னு ஒரு வைரஸ். நம்ம நிறைய பேர் உடம்புல சின்ன வயசுலேருந்தே சும்மா படுத்துக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சா எழுந்து விழித்திரையைத் தின்னும். வலிக்காது, கண்ணு சிவக்காது. "பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு", "ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொல்வாங்க. மருந்து இருக்கு, சீக்கிரம் வந்தா. அப்புறம் ஆபரேஷனுக்கு அப்புறம் புதுசா வர்ற சர்க்கரை நோய். ஸ்டீராய்டும் டேக்ரோலிமஸும் சேர்ந்து கொண்டு வந்து விடும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடி பவரே மாறி மாறிக் காட்டும், அதனால சர்க்கரையை அடக்காம புதுக் கண்ணாடி வாங்கினா காசு தண்டம்.

கூட்டாளி மருந்துங்க பண்ற கலாட்டாவையும் சொல்லிடறேன். பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோல்னு ஒண்ணு கொடுப்பாங்க. அதைப் போட்ட அரை மணி நேரத்துல வெளிச்சம் எல்லாம் பளபளன்னு தெரியும், கலர் மாறும், கொஞ்ச நேரத்துல தானா போயிடும். பயப்படுறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை, வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. ஆனா அந்த மாத்திரை டேக்ரோலிமஸைக் கல்லீரல்ல உடைய விடாது. அதனால சேர்த்துக் கொடுக்கும்போது டேக்ரோலிமஸ் டோஸை மூணுல ஒரு பங்காக் குறைக்கணும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கும் இதே வேலையைச் செய்யும். மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, சளிக்கு ஏதாவது கொடுங்க"ன்னு கேட்டு வாங்குறோம் பாருங்க, நம்மளுக்கு அது சளி மாத்திரை. அவங்களுக்கு அது ரத்தத்துல மருந்து லெவலை எகிற வைக்கிற வெடி. டி.பி. மருந்து ரிஃபாம்பிசின் நேர் எதிர், லெவலைத் தரையில தள்ளிடும். பம்பளிமாஸ் பழம் தெரியும்தானே? அதுவும் லெவலை ஏத்தும், சாப்பிடக் கூடாது. இதுல ஒரு தமாஷ், டில்டியாசெம்னு ஒரு பி.பி. மாத்திரையும் லெவலை ஏத்தும். நம்ம நாட்டுல சில டாக்டர்கள் வேணும்னே அதைச் சேர்த்துக் கொடுத்து, விலை கூடின மருந்தோட அளவைக் குறைச்சு, நோயாளிக்குக் காசு மிச்சம் பண்ணியிருக்காங்க. கத்தியை வச்சு காய் நறுக்குற சாமர்த்தியம்! ஆனா அது அவங்க கையில இருக்கிற வரைக்கும்தான்.

எவ்வளவு அளவுன்னு கேட்கிறீங்களா? ஒரு மில்லி ரத்தத்துல சில நானோகிராம், அவ்வளவுதான். ஒரு நானோகிராம்னா ஒரு கிராமை நூறு கோடியா பிரிச்சதுல ஒரு பங்கு. கொஞ்சம் கூடினா கை நடுங்கும், தலை வலிக்கும், கண்ணுக்கும் வேலை வைக்கும், கிட்னியையே கெடுக்கும். கொஞ்சம் குறைஞ்சா காவலாளி முழிச்சுக்குவார். ரத்தம் டெஸ்டுக்குப் போற நாள்ல காலை மாத்திரையைப் போடாம வரச் சொல்றது இதுக்குத்தான், அடுத்த டோஸுக்கு முன்னாடி இருக்கிற அடிமட்ட அளவைப் பார்க்கணும். போட்டுட்டு வந்துட்டா நம்பர் தப்பா ஏறிக் காட்டும்.

இப்போ அண்ணன் கதைக்கு வர்றேன். வார்டுல பக்கத்து பெட்காரர் யாரோ சொல்லியிருக்காங்க, "டேக்ரோலிமஸ்தான் கண்ணையும் நரம்பையும் கெடுக்கும்"னு. பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அண்ணன் யோசிச்சார். ராத்திரி மாத்திரையில ஒண்ணைத் தானா நிறுத்திட்டார். ஒன்பது நாள். தட்டுல எண்ணி வைக்கிறது பெரியம்மா. வாங்கி வாயில போடுற மாதிரி நடிச்சு சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். பத்தாவது நாள் காலு வீங்கிச்சு. மூத்திரம் குறைஞ்சது. டெஸ்ட்ல கிரியாட்டினின் 1.2-லேருந்து 2.4. அம்மா கொடுத்த கிட்னியை அவரோட உடம்பு கடிக்க ஆரம்பிச்சிருச்சு.

அட்மிட் பண்ணி மூணு நாள் ஊசி போட்டாங்க. என்ன ஊசி தெரியுமா? ஸ்டீராய்டு, அதுவும் ஹை டோஸ். அதாவது, அவர் கண்ணைக் கெடுத்த நிஜக் குற்றவாளியையே இன்னும் அதிகமா உள்ள ஏத்த வேண்டியதாப் போச்சு, அவர் தப்பான மாத்திரையைச் சந்தேகப்பட்டதால. கிட்னி பிழைச்சது. ஆனா கிரியாட்டினின் 1.6-லயே நின்னுடுச்சு, பழைய 1.2-க்கு இறங்கவே இல்லை. பெரியம்மா அண்ணனை ஒரு வார்த்தை திட்டல. அவர் சட்டையைத் துவைக்க எடுத்தப்போ பாக்கெட்ல கரைஞ்சு ஒட்டிக்கிட்டிருந்த மாத்திரையைப் பார்த்து, அதை நகத்தால சுரண்டி எடுத்து, உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டே இருந்தாங்க. நான் வாசப்படியில நின்னுட்டிருந்தேன். எனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறதை அன்னிக்குத்தான் சொன்னேன். கண்ணு விஷயம் மட்டும்தான் எனக்குத் தெரியும், மாத்திரை விஷயம் தெரியாதுதான். ஆனாலும் நான் அன்னிக்கு பஸ் ஸ்டாப்புலேருந்து நேரா வந்து சொல்லியிருந்தா, ஒரு கண் டாக்டர் அஞ்சு நிமிஷத்துல "இது புரை, ஸ்டீராய்டால வந்தது, ஆபரேஷன் பண்ணிக்கலாம், மாத்திரையைத் தொடாதே"ன்னு சொல்லியிருப்பார்.

உங்க கிளாஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம் பாஸ். மாஸ்க் போட்டுக்கிட்டு வருவார், கேன்டீன் சட்னியைத் தொட மாட்டார், காலையில எட்டு, ராத்திரி எட்டுன்னு மொபைல்ல அலாரம் அடிக்கும். கை நடுங்கும், ரெக்கார்ட் நோட்டுல டயக்ராம் கோணலா இருக்கும். "என்னடா தண்ணியா?"ன்னு கிண்டல் பண்ணாதீங்க, அது டேக்ரோலிமஸ் நடுக்கம். போர்டு தெரியலைன்னு சொன்னா முதல் பெஞ்சுல இடம் விடுங்க, கூடவே "உன் டாக்டர்கிட்ட சொன்னியா?"ன்னு கேளுங்க. ஸ்டீராய்டை டக்குன்னு நிறுத்தினா உடம்பே சரிஞ்சு விழுந்துடும், ஏன்னா வெளியிலேருந்து வர்ற பழக்கத்துல உடம்பு சொந்தமா சுரக்கிறதையே மறந்திருக்கும். கண்ணு போனாலும் சரி, தலை சுத்தினாலும் சரி, மாத்திரையில கை வைக்கிற உரிமை டாக்டருக்கு மட்டும்தான். சொல்லாம மறைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது, கூட நிக்கிற எனக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஹிதேந்திரன் பேரை உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க. 2008 செப்டம்பர்ல, திருக்கழுக்குன்றத்துல பைக் விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச 15 வயசுப் பையன். அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள், பையனோட உறுப்புகளைத் தானம் பண்ணினாங்க. போலீஸ் ரோட்டைக் காலி பண்ணிக் கொடுக்க, சென்னை டிராஃபிக்கைத் தாண்டி அவனோட இதயம் முகப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சின்னப் பொண்ணு உடம்புல துடிச்சது. தமிழ்நாட்டுல உறுப்பு தானம்ங்கிற வார்த்தையை டீக்கடை வரைக்கும் கொண்டு போன சம்பவம் அது. அந்த மாதிரி ஓட்டத்தை வச்சுத்தான் மலையாளத்துல 2011-ல 'டிராஃபிக்', தமிழ்ல 2013-ல 'சென்னையில் ஒரு நாள்' வந்தது. ரெண்டையும் பார்த்துட்டு நானும் கை தட்டினவன்தான். ஆனா அண்ணனைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு ஒரு குறை. இதயம் போய்ச் சேர்ந்ததும் படம் முடிஞ்சிடுது. எட்டு மணி அலாரத்தை யாரும் படம் எடுக்கல. 2023 செப்டம்பர்லேருந்து உறுப்பு தானம் பண்றவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்குன்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. நல்ல விஷயம். வாங்கினவங்க அந்த உறுப்பைக் காப்பாத்துறதும் கொடுத்தவங்களுக்குச் செய்யிற மரியாதைதானே?

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்குத் தூரமும் பெரிய பிரச்னை இல்லை. புதுச்சேரி ஜிப்மர்லயே கிட்னி மாற்று ஆபரேஷன் நடக்குது, அங்கயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல மாற்று ஆபரேஷனும் வருது. கஷ்டம் என்னன்னா, கிட்னி டாக்டரும் கண் டாக்டரும் வேற வேற பில்டிங். ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தருக்குத் தெரியாது. அதனால அண்ணனுக்கு நான் ஒரு அறுபது பக்க நோட்டு போட்டிருக்கேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், என்னிக்கு மாத்தினாங்க, கண் பிரஷர் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு, எல்லாம் அதுல. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல நோட்டு. கடைசிப் பக்கத்துல கிராஃப் தாள் ஒட்டியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கண்ணை மூடிக்கிட்டு அண்ணன் அதைப் பார்த்துட்டுத்தான் பேப்பர் படிப்பார்.

கிட்னி நிலைமை சீரானதும், கிட்னி டாக்டர் ஓகே சொன்னதுக்கு அப்புறம், ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சாச்சு. ஒவ்வொண்ணும் ஒரு பகல் வேலை. ஸ்டீராய்டு டோஸை டாக்டரே பார்த்துக் குறைச்சிருக்கார்.

போன பலா சீஸன்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பலாப்பழத்துல பொட்டாசியம் ஜாஸ்தி, 100 கிராம் சுளையில சுமார் 450 மில்லிகிராம். வாழைப்பழத்தை விட அதிகம். டேக்ரோலிமஸ் வேற பொட்டாசியத்தை ஏத்தும், கிட்னியும் 1.6. அதனால பண்ருட்டி மண்ணுல பிறந்துட்டு அண்ணனுக்கு ரேஷன். அந்த மாசம் ரத்தத்துல பொட்டாசியம் சரியா இருந்ததால டாக்டர் ரெண்டு சுளைக்குப் பர்மிஷன் கொடுத்திருந்தார். பெரியம்மா ஒரு கிண்ணத்துல எண்ணி ரெண்டே ரெண்டு வச்சாங்க. மூணாவதுக்கு அண்ணன் கையை நீட்டினார், பெரியம்மா கரண்டியால ஒண்ணு வச்சாங்க, கை மேல! அப்புறம் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். மத்தியானம் ரெண்டு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். தூரத்துல பஸ் வந்தது. நான் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கிறேன், அண்ணன், "ஏறாதடா, அது வடலூரோட நிக்கிற வண்டி. உன் சிதம்பரம் வண்டி பின்னாடி வருது பாரு"ன்னார்.